தறப்பாள் கட்டிய வேலி

அன்புள்ள மகனுக்கு,

உடைந்தது இடது கை. எழுதுகிற கை தப்பிவிட்டது, அது உன்னுடைய கெட்டகாலம். ஆகவே ஆறுதலாக இருந்து இதை முழுவதும் வாசி. ரெலிபோனில் சொல்லலாம் என்று பார்த்தால் "அம்மா, வேலையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு எப்போது வரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாய், சுகந்தியும் பிள்ளையும் கூடவே வருகிறார்கள், கறிச்சட்டியைத் திறந்து பார்க்கிறாய், கை எப்படி என்று கேட்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் ஆரணிக்கு நித்திரை வருகிறது என்று சப்பாத்தைக் கொழுவுகிறாய். பெற்ற மகனோடு தனியாகக் கொஞ்ச நேரம் கதைக்க வழியில்லை என்றால் கடிதம்தான் எழுத வேண்டும், வெக்ஸ்போர்ட்டிலிருந்து, காரில் அரைமணித்தியாலத் தூரமுள்ள றிச்மண்ட் ஹில்லுக்கு முத்திரை ஒட்டி. கேள்விப்பட்டால் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். இதைச் சுகந்தியும் வாசிக்கலாம், ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஒளித்தது காணும் என்றுதான் எழுதவே தொடங்கினேன்.

உன்னைப் பற்றி வெளியில் நான் பெருமையாகத்தான் கதைக்கிறேன். என் மகன் வேலி போடுகிறவன் என்று சொன்னால் இந்தக் கட்டிடத்து லிப்டில் வருகிற பெண்டுகள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மகன் என்றால் கொம்பியூட்டர் படித்திருக்க வேண்டும். நான் விடமாட்டேன், விளங்கப்படுத்துவேன். கட்டிடம் கட்டுகிற இடம், ரோட்டுக் கிண்டுகிற இடம், கோடையில் திருவிழா நடக்கிற இடம், எங்கெல்லாம் சனம் தவறிப்போய் உள்ளே நுழையக் கூடாதோ அங்கெல்லாம் லொறியில் கம்பிவலைப் பனல்களைக் கொண்டுபோய்த் தற்காலிகமாக நிறுத்துகிற கொம்பனி, அதில் என் மகன்தான் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன் என்று சொல்லுவேன். நிலத்தைத் தோண்டாமல், கொங்கிறீட் கட்டையில் சொருகி நிறுத்துகிற வேலி காற்றில் விழாமல் நிற்க வேண்டுமே, அதிலேதான் கெட்டித்தனம் இருக்கிறது என்றும் சொல்லுவேன். இதெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தது? நீதான். ஒருநாள் இடியப்பத் தட்டு ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்து "ஊதுங்கோ அம்மா" என்றாய். ஊதினேன். காற்று ஓட்டைகளால் போய்விட்டது, தட்டு அசையவில்லை. பிறகு கை துடைக்கிற துணியை அதன்மேல் போட்டு "இப்ப ஊதுங்கோ" என்றாய். தட்டு குப்புற விழுந்து சம்பல் கோப்பையும் கவிழ்ந்தது. "பாத்தீங்களோ, உதுதான் எங்கட முழுத் தொழிலும்" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய், மேசைத்துணியை நான் தோய்த்தேன்.

அந்தக் கெட்டித்தனத்தை நான் கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஸ்காபரோக் கோயிலில் தேர்த் திருவிழாவுக்குக் கார் விடுகிற இடத்தைச் சுற்றி நீ வேலி போட்டாயே, அன்றைக்கு நான் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தேன். கோயில் தலைவர் ஒரு கட்டுத் துணி பானரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர்களின் விளம்பரம், எல்லாவற்றையும் வேலியில் கட்ட வேண்டுமாம். நீ மாட்டேன் என்றாய். "தம்பி, கடைக்காரருக்கு நாங்கள் வாக்குக் குடுத்திட்டம், கட்டாமல் விடேலாது" என்றார் அவர். "அப்ப நான் வேலியைக் கழட்டி ஏத்திக்கொண்டு போறன், அங்கிள். வேலியோ பானரோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று நீ நின்ற நிலையில் சொன்னாய். குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை, ஆனால் அசையவும் இல்லை. தேருக்குப் பின்னால் பிரதட்டை செய்கிற ஆட்கள் தாரில் உருண்டு வரும்போது தலை அடிபடக் கூடாது என்று வேலிக்கு முட்டுக் கொடுக்கிற கம்பிகள் எல்லாவற்றையும் வெளிப்பக்கமாக மாற்றி, அதற்காகக் கார் நிறுத்துகிற ஒரு வரிசையையே மறித்துவிட்டாய். அதற்கும் தலைவர் முணுமுணுத்தார். நீ கணக்கில் எடுக்கவில்லை. அன்று பின்னேரம் நல்ல காற்று, பந்தல் துணி படபடவென்று அடித்தது. உன் வேலி நின்றது. கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் நான் பெற்ற பிள்ளை என்று பக்கத்தில் வெட்டிக்கொண்டு இருந்த பெண்டுகளுக்கெல்லாம் காட்டினேன்.

அந்த ஆள் எங்கே போனான் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொம்பனிச் சட்டையைப் போட்டால் கோயில் தலைவரையே மறித்துப் பேசுகிறவன், வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றியதும் தலையாட்டுகிற பொம்மையாகப் போகிறாய். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. நாங்கள் இங்கே வந்த முதல் வருசம் பள்ளிக்கூடத்தில் உன்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் எது முதற்பெயர் எது தகப்பன் பெயர் என்று யாருக்கோ மாறிப்போய்விட்டது. நீ திருத்தவே இல்லை. பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் ரீச்சர் "ரத்தினம் சரியான அமைதி, கையை உயர்த்தவே மாட்டான்" என்று இங்கிலிசில் சொல்ல, உன் அப்பா தன்னைத்தான் சொல்கிறாவோ என்று கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன்ரா சொல்லவில்லை என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ரீச்சர் பாவம் அம்மா, அவவுக்கு வெக்கமாப் போயிடும்" என்றாய். அப்பா வீடு வரைக்கும் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் பத்திக்கொண்டு வருகிறது. இன்னொருவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுக்கிற பிள்ளை வளர்ந்து எதை விட்டுக்கொடுப்பான் என்று அப்பா யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். புதுவீடு, புதுத்தெரு, மரம் என்று சொல்ல ஒரு குச்சியும் இல்லாத வெட்டவெளி. மேற்கிலிருந்து வருகிற காற்றைத் தடுக்க இடையில் ஒன்றுமே இல்லை. பின்வளவு முடிகிற இடத்தில் சரிவு, சரிவுக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்குவதற்கென்று வெட்டிய பெரிய குளம். வீடு கட்டினவர்கள் புல்லுப் போட்ட பிறகுதான் நிரந்தர வேலி என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் வலையை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். அதை ஒரு பூனை தள்ளினாலே சாயும். நீ அன்றைக்கே கொம்பனியில் கேட்டுப் பனல்களைக் கொண்டுவந்து நிறுத்தினாய். நேர்கோட்டில் நீளத்துக்கு விட்டால் விழும் என்று இடையிடையே கோணலாக மடித்தாய். பனலுக்குப் பனல் மேலேயும் கீழேயும் கிளாம்ப் போட்டு இறுக்கினாய். வெளிப்பக்கம் சரிவு என்பதால் உள்பக்கமாக முட்டுக்கம்பி கொடுத்து, அதன் காலில் மண்மூட்டை வைத்தாய். பனி கொட்டியது, உறைந்தது, காற்று ஊளையிட்டது, அந்த வேலி குளிர்காலம் முழுவதும் குத்துக்கல் மாதிரி நின்றது. நான் ஆரணியை யன்னலடியில் தூக்கி வைத்துக்கொண்டு "அப்பா கட்டின வேலி பார்" என்று காட்டுவேன். நீயும் சுகந்தியும் வேலைக்குப் போக, என் அப்பாட்மென்ற்றை விட்டு உங்களோடு வந்து தங்கி அவளைப் பார்ப்பது நான். பால் கொடுப்பது, குளிக்கவார்ப்பது, நித்திரையாக்குவது எல்லாம் நான். அந்த வீட்டில் எனக்கு வேறு ஒரு வேலையும் தேவைப்படவில்லை, அது ஒன்றே போதுமாக இருந்தது.

பனி கரைந்ததும் உன் மாமனார் மிசிசாகாவிலிருந்து வந்தார். பேத்தி ஏறி வழுக்கி விளையாட ஒரு பிளாஸ்ரிக் சறுக்கியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வைக்க இடம் பார்த்தால் முட்டுக்கம்பிகள் குறுக்கே நிற்கின்றன. "உது என்ன தம்பி, வளவு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு நிக்குது, பிள்ளை இடறி விழப்போகுது" என்றார். நீ அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கமுன்னம் ஸ்பானரை எடுத்து வந்து இரண்டு முட்டுக்கம்பியைக் கழற்றினாய். அதோடு விட்டாரா? குளத்துக்கு அந்தப் பக்கம் வீடு கட்டுகிற ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாகக் குந்தியிருந்து நாங்கள் சமைக்கிற குசினியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். அதைக் கண்டுவிட்டு "மறைப்பில்லாமல் என்ன வேலி? வீட்டுக்குள்ளை நடக்கிறது முழுக்க அவங்களுக்குத் தெரியுது" என்றார். எங்கள் சனத்துக்கு வேலி என்றால் மறைப்பு. கள்ளன் வந்தாலும் பரவாயில்லை, அடுத்த வீட்டான் எட்டிப் பார்க்கக் கூடாது. அது எனக்கும் தெரியும், நானும் அந்தச் சனம்தான். ஆனால் நீ? அந்தக் கிழமையே லொறிச் சாமானை மூடுகிற நீலத் தறப்பாள் விரிப்பு வாங்கிவந்து, வேலியின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கல் வரைக்கும், காற்று நுழைய ஒரு விரல் இடமும் விடாமல் இழுத்துக் கட்டினாய்!

நான் பின்கதவுக்கு வெளியே மரப்பலகை டெக்கில் நின்று பார்த்தேன். "டேய், இடியப்பத் தட்டு ஞாபகமில்லையோ?" என்று கேட்டேன். "இருக்கு அம்மா. மாமா அடுத்த சனிக்கிழமை வாறார், அதுக்குள்ளை கட்டிப்போட்டால் சரி. பிறகு மெல்லமா அவிட்டு விடுவம்" என்றாய். சனிக்கிழமை வந்தார், பார்த்தார், "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான், தறப்பாளுக்கு ஆயுள் நீண்டுவிட்டது. அடுத்த காற்றுக்கே வேலி ஒரு பக்கம் சாய்ந்தது. நீ நிமிர்த்தி, கட்டையில் இன்னும் இரண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டாய். கட்டையில் போட்டு என்ன பிரயோசனம், முட்டின் காலில் வைக்காத பாரம் இல்லாததற்குச் சமன் என்று நீயே உன் ஆட்களுக்கு ரெலிபோனில் கத்தியதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். முட்டு இருந்த இடத்தில் சறுக்கி நிற்கிறது, பிறகு எங்கே வைக்கிறது? குளிரில் வெடித்த மூட்டைகளிலிருந்து மண் கசிந்து ஓடியிருந்தது. அதையும் நான்தான் காட்டினேன். "ஓம் அம்மா, மாத்திறன்" என்றாய்.

நடந்த நாளை நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்று நீ நினைக்கலாம். நீ அங்கே நிற்கவில்லை, ஆகவே சொல்கிறேன். காலையில் வெயில், நல்ல வெளிச்சம். ஆரணி சறுக்கியில் ஏறுவதும் இறங்குவதுமாக நின்றாள். காற்று எழும்பியது. தறப்பாள் வயிறு ஊதி உள்ளே வந்தது, பிறகு வெளியே போய் அடித்தது. இனி உள்ளே போவோம் என்று பிள்ளையைத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் கயிறு ஒன்று வெடித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வேலியின் நடுப்பகுதி எங்கள் பக்கமாக வருகிறது. ஒன்றோடு ஒன்று கொழுவியிருந்ததால் ஒரு பனல் மற்றதையும் இழுத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினேன். பனலின் மேற்கம்பி தோளில் பட்டுத் தள்ளியது, நான் இடது கையை ஊன்றி விழுந்தேன். ஆரணிக்கு ஒரு கீறலும் இல்லை. எழும்பிப் பார்க்கிறேன், வேலி சறுக்கியின்மேல் கிடக்கிறது, சறுக்கி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வேலி கிடந்த இடத்துக்கு அப்பால் சரிவும் தண்ணீரும் திறந்தபடி தெரிந்தது. கை நோகிறது என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நீ ஓடி வந்தாய், என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாய், பிள்ளையை முகர்ந்து முகர்ந்து அழுதாய். அதெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் பிளாஸ்ரர் போடக் காத்திருந்த இடத்தில் உன் மாமனாருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாயே, "அம்மா டெக்கிலை வழுக்கி விழுந்திட்டா மாமா" என்று. நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன். நீ கண்ணால் கெஞ்சினாய். அந்தக் கெஞ்சலுக்கு நானும் வாயை மூடினேன், அதுதான் இன்றுவரைக்கும் என்னைப் போட்டு அரிக்கிறது. மாமாவின் சொல்லால் வந்தது என்று தெரிந்தால் அவர் மனம் நோகுமாம். என் கை நொந்தது பரவாயில்லை. அதோடு நின்றதா? அவர் வந்து பார்க்கமுன்னம் விழுந்த வேலியை நிமிர்த்தி, பிளந்த சறுக்கியைக் குப்பைக்குக் கொண்டுபோய், அதே நிறத்தில் இன்னொன்று தேடி வாங்கி அதே இடத்தில் வைத்தாய். வெடித்த மண்மூட்டையை மாற்றுவதற்கு நேரமில்லாத ஆளுக்குச் சறுக்கி தேடிக் கடைகடையாக ஏறி இறங்க நேரம் இருந்தது!

அதற்குப் பிறகு நான் வழுக்கி விழுகிற கிழவியாகப் போனேன். ஒவ்வொருவராக ரெலிபோன். ஒருத்தி எலும்புக்கு மருந்து சொல்கிறாள், ஒருத்தி கண்ணைக் காட்டச் சொல்கிறாள், இன்னொருத்தி வம்புக்கு விடுப்புக் கேட்கவென்றே எடுத்து "தலைச்சுற்று ஏதும் வந்ததோ?" என்கிறாள். உன் மாமனார் வழுக்காத அடியுள்ள சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்து தந்து "பாத்து நடவுங்கோ தங்கச்சி" என்றார். என் வாழ்க்கையில் எத்தனை பனியில் நடந்திருக்கிறேன், ஒருநாள் சறுக்கியிருப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தேன். பிறகுதான் நீ அறைக்குள் வந்து, கட்டில் நுனியில் இருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா, உங்களுக்கு றெஸ்ற் வேணும். ஆரணியை டேகெயாரிலை விடுவம் எண்டு யோசிக்கிறம்." யோசிக்கவில்லை, முடிவெடுத்துவிட்டீர்கள். விழுகிற மனுசியிடம் பிள்ளையை விடலாமா என்று எல்லாருக்கும் பயம். நியாயமான பயம்தான், விழுகிற மனுசியாக நான் இருந்திருந்தால். பிள்ளை இல்லாத வீட்டில் பகல் முழுவதும் நான் யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது? அதனால்தான் வெக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பி வந்தேன். நீ எல்லாருக்கும் சொல்லுகிற மாதிரி "அம்மாவுக்குத் தன்ரை அப்பாட்மென்ற்தான் பிடிக்கும்" என்பதால் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் போன கிழமை டொக்ரரிடம் காட்டிவிட்டு என்னை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாயே, யன்னலால் பார்த்தேன், வேலியில் மறுபடியும் நீலம்! முந்தினதை விடத் தடிப்பான தறப்பாள், முந்தினதை விடத் தடிப்பான கயிறு. "உதென்ன?" என்று கேட்டேன். "ஆரணியின்ரை பேத்டே முடியட்டும் அம்மா. மாமா ஆக்களைக் கூப்பிட்டிட்டார், வளவிலைதான் பார்ட்டி" என்றாய். எனக்குக் கண்மண் தெரியவில்லை. சுகந்தி சோற்றைப் போட்டுக்கொண்டு நின்றதால் வாய்க்கு வந்ததை விழுங்கினேன். கேட்டுக்கொள், கயிறு தடித்தால் காற்றுக்குப் பயம் வராது. கயிறு அறாவிட்டால் பனல் வரும், பனல் வராவிட்டால் கட்டையோடு சேர்ந்து வரும். நீ சொல்லித் தந்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன். தறப்பாளை அவிழ். குசினிக்குள் பார்க்கிறார்கள் என்றால் குசினி யன்னலுக்குத் திரைச்சீலை போடு. சறுக்கியை வீட்டுச் சுவரோடு கொண்டுவந்து வை, முட்டுக்கம்பிகளைப் பழைய இடத்தில் திருப்பிப் பூட்டு, வெடித்த மூட்டைகளை எறிந்துவிட்டுப் புதிதாக முட்டுக் காலில் வை. ஒவ்வொரு காற்றுக்குப் பிறகும் வேலைக்குப் போகமுன்னம் கையால் தள்ளிப் பார். கோயில் தலைவரின் வளவில் இதையெல்லாம் செய்தவன் உன் பிள்ளையின் வளவில் செய்யமாட்டாயா?

இதுவரைக்கும் எழுதிவிட்டுத்தான் நேற்றுப் பேனையை வைத்தேன். மீதியை இன்று எழுதுகிறேன், ஏனென்றால் நேற்றுப் பகல் உன் மாமனார் இங்கே வந்தார். கையில் துளை போடுகிற மெசின், கக்கத்தில் ஒரு வெள்ளைக் கம்பி. குளிக்கிற தொட்டியில் நான் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குக் கைப்பிடி பூட்டப்போகிறாராம். "அண்ணை, வேண்டாம்" என்றேன். "நீங்கள் பேசாமல் இருங்கோ தங்கச்சி, இன்னொருக்கா வழுக்கினால் இடுப்புத்தான் போகும்" என்று சுவரில் துளை போடத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் என் பொறுமையும் சேர்ந்து போய்விட்டது. குளியலறை வாசலில் நின்று கத்தினேன்: "நான் வழுக்கேல்லை அண்ணை! வேலி விழுந்தது. தறப்பாள் கட்டின வேலி பிள்ளைக்கு மேலை விழ வந்தது!"

அவர் மெசினை நிற்பாட்டினார். திரும்பிப் பார்த்தார். முதலாவதாகக் கேட்டது "பிள்ளை எங்கை நிண்டது?" என்று. "என்ரை கையிலை" என்றேன். தொட்டி விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சறுக்கி மாற்றினது உட்பட. "அதுதானே, நான் சறுக்கியிலை ஒட்டின மயில் படத்தைக் காணேல்லை எண்டு பாத்தனான். பிள்ளை கிழிச்சுப்போட்டுது எண்டு மருமகன் சொன்னவர்" என்றார். அவர் கோபிப்பார், நான் கத்தினதற்குப் பதில் கத்துவார் என்று நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். அவர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, வாயிலை வந்ததை ஒரு கதைக்குச் சொன்னனான். வேலி போடுறது அவரின்ரை தொழில், பிழையெண்டால் பிழையெண்டு சொல்லியிருப்பார்தானே எண்டு நினைச்சன். ஒரு தறப்பாளுக்காக என்ரை பேத்தியை விட்டுக்குடுக்கிற மனுசன் எண்டோ என்னை நினைச்சவர்?" என்று கேட்டார். குரல் உடைந்து போயிருந்தது. மகனே, அவருடைய மனம் நோகக் கூடாது என்று நீ இத்தனை பொய்யைக் கட்டி நிறுத்தினாய். அந்த மனம் நொந்ததை நான் நேற்றுப் பார்த்தேன், தறப்பாளால் நோகவில்லை, உன்னால் நொந்தது.

உடனே போய்த் தறப்பாளை அறுக்கப்போகிறேன் என்று எழும்பினார். நான் மறித்தேன். கட்டினவனே அவிழ்க்கட்டும் என்றேன். ஆகவே அவர் வரமாட்டார், நீ செய். செய்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று உன் வாயால் முதலிலிருந்து சொல். அவருக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்லாமல் விடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் எனக்கு ஒரு பகல் தேவைப்பட்டது. போட்ட துளையை வீணாக்கக் கூடாது என்று அந்த மனுசன் கைப்பிடியையும் பூட்டி முடித்துவிட்டு, வாசலில் சப்பாத்தைப் போடும்போது சொன்னார்: "தங்கச்சி, டேகெயார் கதையை எடுத்ததும் நான்தான். உங்களுக்குச் சப்பாத்துக் கொண்டந்த அண்டைக்குக் குசினியிலை வைச்சு மருமகனைக் கேட்டனான். பயத்திலை கேட்டனான். ஆனால் மனதுக்குள்ளை, இல்லை மாமா, பிள்ளையை அம்மாதான் பாப்பா எண்டு மருமகன் ஒரு சொல்லுச் சொல்லமாட்டாரோ எண்டு இருந்தது. சொல்லியிருந்தால் நான் சந்தோசமா விட்டிருப்பன். அவரின்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டனான்."

அன்றைக்கு நீங்கள் குசினியில் நின்று கதைத்தபோது நான் நித்திரை என்றுதானே நினைத்தாய். நித்திரை இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம், கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, அதே சொல்லுக்காக நானும் காத்துக்கொண்டு கிடந்தேன்.

அம்மா